பலூனுக்கு முன்னால் ஐந்து மாதம்

பாலக்கோட்டில் பெங்களூர் ரயில் ஏறியபோது, சுருங்கிப்போன இதய வால்வைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை நான்கு நாளில் முடிந்து திரும்பிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். சிகிச்சைக்கு முந்தைய நாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் படம், எடுத்தார்கள். இதயத்தின் இடது மேலறை ஓரத்தில், காது மடல் போலத் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பைக்குள் ரத்தக்கட்டி இருந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மார்பின் மேல் வைத்து எடுத்த எக்கோவில் தெரியாத கட்டி இதில் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டி இறங்குகிறது, அங்கிருந்து பார்த்தால்தான் அந்த மூலை சரியாகத் தெரியும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். பதினோரு வயதில் தொண்டைவலிக்குப் பிறகு முழங்கால் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேன். அந்த மூட்டுக்காய்ச்சல்தான் இத்தனை வருடமாக வால்வைத் தடிக்கவைத்துச் சுருக்கியிருக்கிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய திறப்பு எனக்கு 0.8. கீழறைக்கு இறங்க வழியில்லாத ரத்தம் மேலறையில் தேங்குகிறது. துடிப்பும் ஒழுங்கு தப்பிவிட்டதால் அந்த அறை ரத்தத்தைத் தள்ளாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. தேங்கியது உறைகிறது. பலூன் குழாயோ தொடை ரத்தக்குழாய் வழியாக ஏறி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்து அதே அறைக்குள்தான் நுழைய வேண்டும். கட்டியில் பட்டு ஒரு துணுக்குப் பெயர்ந்தாலும் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இதைக் கேட்டதும் என் கோபம் அடங்கிவிட்டது.

அசிட்ரோம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். அது கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் உறையாமல் தடுக்கிறது, இருப்பதை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். தருமபுரியில் வாரம் ஒரு முறை அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முதல் வாரம் 1.4 என்று வந்ததால் மாத்திரையைக் கூட்டினார்கள்.

எங்கள் வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் இல்லாத நாள் குறைவு. கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதைக் கேள்விப்பட்ட என் நாத்தனார் கீரையைத் தொடவே கூடாது என்றார். அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனால் கூட்டிய மாத்திரை, கீரை தின்றுகொண்டிருந்தவளுக்குக் கணக்கிட்டது. இரண்டே வாரத்தில் பல் துலக்கினால் ஈறில் ரத்தம். மாதவிலக்கில் போக்கு இரண்டு மடங்கு. ஆண் மருத்துவரிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஐந்து நாள் தள்ளினேன். அப்படித் தள்ளியிருக்கக் கூடாது. இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஐ.என்.ஆர். அளந்தபோது 5.1. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்தார்கள். “கீரையை விடச் சொன்னது யாரம்மா? சாப்பிடுங்கள். ஒரு நாள் சட்டி நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று மட்டும் இருக்காதீர்கள்” என்றார் மருத்துவர். அன்றிலிருந்து தினமும் ஒரு குழிக்கரண்டிக் கடைசல், இரவு எட்டு மணிக்கு மாத்திரை. மருந்துக்கடை வலிமாத்திரையையும் விட்டேன், வயிற்றில் ரத்தம் கசியுமாம். மூட்டுக்காய்ச்சல் திரும்பாமலிருக்க 21 நாளுக்கு ஒரு முறை போட்ட பென்சிலின் ஊசியால் சதைக்குள் ரத்தம் கட்டக்கூடும் என்று அதையும் மாத்திரையாக மாற்றினார்கள்.

மூன்றாம் மாதம் மறுபடி குழாயை விழுங்கினேன். கட்டி சிறுத்திருந்தது, போகவில்லை. இன்னும் இரண்டு மாதம் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்தாம் மாதம் அந்தப் பை காலியாக இருந்தது. மறுநாளே பலூன் போட்டார்கள். திறப்பு இப்போது 1.7.

திரும்பி வந்து பாலக்கோட்டில் இறங்கி, வீடு வரை எங்கும் நிற்காமல் நடந்தேன். துடிப்பு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை, அதனால் அசிட்ரோம் தொடர்கிறது. அடுத்த ஐ.என்.ஆர். வரும் செவ்வாய்க்கிழமை.