கூடுதல் கிலோவும் லெந்து கவரும்

ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலமான லெந்தில், எதையாவது விட்டு மிச்சம் பிடித்த காசைப் போட்டுக் கொடுக்கச் சபையில் ஒரு கவர் தருவோம். அந்த லெந்து கவரில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று சபை ஊழியர் கேட்பதில்லை. எழுதாத சட்டம் அது. கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் சபை ஒன்றில் நான் கேட்டேன். பதில் வந்ததும் கவரைத் திருப்பியும் கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. சரியான காரியம் என்றால் இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் தெரிகிறது.

முதலில் உறுத்தியது கணக்கு. கவரைக் கொடுத்தவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாள். 40 நாளும் மதியச் சோற்றை விட்டு அந்தக் காசைப் போட்டதாகச் சொன்னார். ரேஷன் அரிசி இலவசம். அந்தச் சோற்றை விட்டால் மிஞ்சுவது கொஞ்சம் பருப்பு, எண்ணெய், ஒரு துண்டு கருவாடு. கவரில் இருந்ததோ அதைப்போல் பல மடங்கு. விசாரித்தால், கூடுதல் கிலோவுக்கு வந்த காசு. நாள் சம்பளத்துக்கு இத்தனை கிலோ என்று எஸ்டேட்டில் அளவு உண்டு. அதற்கு மேல் பறித்தால் தனியாகக் கிடைக்கும். லெந்து தொடங்குவது பிப்ரவரி, மார்ச்சில். மழை இல்லாமல் துளிர் குறைந்திருக்கும் காலம். மழைக்காலத்தில் ஒரே நிரையில் கிடைக்கிற எடைக்கு அப்போது மேடெல்லாம் ஏறி இறங்க வேண்டும். அதை மதியச் சாப்பாடு இல்லாமல் செய்திருக்கிறார், காலையில் சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரையும் போட்டுக்கொண்டு.

அந்த மாத்திரை, சோறு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மேட்டில் ஏறும் உடம்பு இருக்கிற சர்க்கரையையும் எரித்துவிடும். அளவு 70க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு. இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், மயக்கம் வரும். சரிவில் மயங்கினால் விழுகிற இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. “மத்தியானத்துக்கு மேல கை நடுங்கும், தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்” என்றார். வெறும் தண்ணீர் சரிசெய்யாது. மூன்று தேக்கரண்டி சர்க்கரை, ஏறக்குறைய 15 கிராம், கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்கார வேண்டும், நடுக்கம் நிற்காவிட்டால் இன்னொரு முறை, நின்றதும் சாப்பாடு. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அதனால் ‘சர்க்கரை மாத்திரை’ என்று கேட்டால் போதாது, அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும்.

“இத நான் வாங்க முடியாதும்மா” என்றேன்.

“ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் குடுக்க நீங்க யாருங்கய்யா? ரெண்டு காசு போட்ட விதவைகிட்ட ஏசு திருப்பியா குடுத்தாரு?”

கொடுக்கவில்லைதான். மாற்கு 12இல் அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சீஷரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், தடுக்கவில்லை. அதற்கு முந்தின வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றியது என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவர் புகழ்ந்தது கொடுத்தவளை. அவளிடம் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை அல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டில் கவரோடு நிற்கிறவன் நான். வாங்காமல் விட்டால் ஏற்பாடு மாறிவிடுமா? மாறவில்லை. அந்த அம்மாளுக்குத்தான் முகம் வாடியது.

வேலை நாள் உபவாசத்துக்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த நேரடி இடம் 1 சாமுவேல் 14. சாயங்காலம் வரை ஒருவரும் சாப்பிடக் கூடாது என்று சவுல் ராஜா சண்டை நாளில் ஆணையிடுகிறான். அதை அறியாத அவன் மகன் யோனத்தான் கோலால் தேனைத் தொட்டு வாயில் வைக்க, கண் தெளிகிறது. ஜனங்களோ விடாய்த்துப்போய், கடைசியில் இரத்தத்தோடே இறைச்சியைத் தின்கிறார்கள். அதை லெந்துப் பிரசங்கத்தில் எடுப்பவர் அபூர்வம். அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சவுலின் ஆணை மேலிருந்து வந்தது. இவருடையது அவரே தமக்குப் போட்டுக்கொண்டது. அங்கே என் வாதம் வழுக்குகிறது.

கவர் கணக்குக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1886இல் இரட்சணிய சேனையின் ஜான் கார்ல்டன், ஒரு வருஷம் சாப்பாட்டுக்குப் பின் புட்டிங் சாப்பிடாமல் 50 ஷில்லிங் மிச்சம் பிடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தார். ஒருவர் ஒரு வருஷம் முழுக்க விட வேண்டாமே என்று சேனையின் நிறுவனர் வில்லியம் பூத் அதை எல்லோரும் எதையாவது விடுகிற ஒரு வாரமாக ஆக்கினார். விட்டது இனிப்பு, உபரியானது. உபரியே இல்லாத எஸ்டேட் தொழிலாளரின் லைன் வீட்டுக்கு அதே கணக்கைக் கொண்டுபோனால், உடம்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பவுலும் 2 கொரிந்தியர் 8இல், மற்றவர்களுக்குச் சகாயமாக உங்களுக்கு வருத்தம் உண்டாக வேண்டுமென்று கேட்கவில்லை, சமநிலைக்காகக் கேட்கிறேன் என்கிறார். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், கொடிய தரித்திரத்திலும் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்த மக்கெதோனியரை மெச்சுகிறார். அவர்கள் கவரைப் பவுல் திருப்பவில்லை.

கத்தோலிக்கருக்கு இதில் ஒரு சௌகரியம்: சட்டமே எல்லை போடுகிறது. ஒருசந்தி, அதாவது உபவாசக் கடமை 18 வயது முடிந்தபின் 59 வயது முடியும்வரை. ஒருசந்தி நாளிலும் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு சாப்பாடும் உண்டு. உடம்புக்கு முடியாதவரைச் சட்டம் வற்புறுத்துவதில்லை. எங்களிடம் அப்படி எழுதப்பட்ட அளவு இல்லாததால் பக்தியுள்ளவர்தான் முதலில் அடிபடுகிறார். ஞாயிறுகளைச் சேர்க்காமல்தான் 40 நாள் என்பதையே பலர் கேள்விப்பட்டதில்லை. 46 நாளும் இருக்கிறார்கள்.

இப்போது கவர் கொடுக்கும்போதே மாத்திரை அட்டையைக் கேட்கிறேன். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர், கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய் ஆகியோருக்குச் சோற்றை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு எதையாவது விடச் சொல்கிறேன். டீயை விடுகிறேன் என்பார்கள், தேயிலைக் காட்டில்! அதையும் ஒரே நாளில் விட்டால் மறுநாளே தலைவலி பிடித்து ஒரு வாரம் வரை படுத்தும். லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரமே தினம் ஒரு தம்ளராகக் குறைத்து வர வேண்டும்.

கவரில் பெயர் எழுதுகிற இடத்தை எடுத்துவிடலாம் என்றும் கமிட்டியில் சொல்லிப் பார்த்தேன். பெயரும் தொகையும் நோட்டில் ஏறுவதால்தான் அக்கம்பக்கத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி என்பது என் வாதம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வசனமும் என் பக்கம். ஆனால் பெயர் இல்லாமல் காணிக்கைத் தட்டில் விழுந்திருந்தால் அந்தப் பணம் எப்படி வந்தது என்று நான் கேட்டிருக்கவே முடியாது. கை நடுங்கும் விஷயமும் தெரிந்திருக்காது. கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் மறுபடி வற்புறுத்தவில்லை.