துனிசியாவின் எட்டுக் கணக்கெடுப்புகள்

வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவில் 2024-ஆம் ஆண்டு இறுதியில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவந்தபோது, ஒரு பழக்கத்தின் காரணமாக, அந்நாட்டின் பழைய கணக்கெடுப்பு எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். என் பட்டியலில் முதலாவது 1956 பிப்ரவரியில், பிரான்சிடமிருந்து நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது. அப்போது மக்கள்தொகை சுமார் 37.8 லட்சம். 1966-இல் 45.3 லட்சம், 1975-இல் 55.8, 1984-இல் 69.7, 1994-இல் 87.9, 2004-இல் 99.1, 2014-இல் 109.8, கடைசியாக 2024-இல் 119.7 லட்சம்.

மேலிருந்து கீழே வாசித்தால் சீராக ஏறிக்கொண்டே போகிற எண்களாகத்தான் தெரிகின்றன. அடுத்தடுத்த எண்களைக் கழித்து, மிச்சத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது: 7.5, 10.5, 13.9, 18.2, 11.2, 10.7, 9.9. நடுவிலுள்ள 18.2 லட்சம், 1984-க்கும் 1994-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் கூடியது. ஆனால் துனிசியாவில் பிறப்பு விகிதம் குறையத் தொடங்கியது 1960-களின் பிற்பகுதியிலேயே. குடும்பக்கட்டுப்பாட்டில் அரபு உலகுக்கே முன்னோடி என்று பெயரெடுத்த நாட்டில், அதற்கான சட்டங்கள் எல்லாம் வந்து நெடுங்காலம் ஆன பிறகு மக்கள்தொகை ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகியது என்ற கேள்வி அந்தத் தாளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டங்களை முதலில் பார்த்துவிடுவோம். விடுதலை கிடைத்து ஐந்து மாதங்கூட ஆகாத நிலையில், 1956 ஆகஸ்ட் 13 அன்று, பிரதமர் ஹபீப் பூர்கீபாவின் அரசு தனிநபர் நிலைச் சட்டத்தைப் பிறப்பித்தது. பலதார மணம் தடைசெய்யப்பட்டது. கணவன் சொல்லிவிட்டாலே முடிந்துவிடும் மணவிலக்கு நீதிமன்றத்துக்குள் கொண்டுவரப்பட்டது. பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 15 என்று அது நிர்ணயித்தது. 1964-இல் அது 17 ஆயிற்று, 2007-இல் இருபாலருக்கும் 18 ஆயிற்று. கருத்தடைச் சாதனங்களைத் தடுத்துவந்த 1920-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் 1961-இல் கைவிடப்பட்டது. 1965-இல் ஐந்து குழந்தைகள் பெற்ற தாய்மார்களுக்கும், 1973-இல் எல்லாப் பெண்களுக்கும் முதல் மூன்று மாதங்களுக்குள் கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டது. பிரான்சே அதை அனுமதித்தது 1975-இல்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1960-களின் தொடக்கத்தில் ஒரு துனிசியப் பெண்ணுக்குச் சராசரியாக ஏழு குழந்தைகள். 2000-ஐ ஒட்டி அது இரண்டுக்கு வந்துவிட்டது. இதற்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் திருமண வயதை மறந்துவிடுகிறார்கள். 1966-இல் பெண்களின் சராசரி முதல் திருமண வயது 21-க்குச் சற்றுக் குறைவு. 2004-இல் அது 29-ஐத் தாண்டிவிட்டது. பள்ளி, கல்லூரி, வேலை, வீடு அமையக் காத்திருத்தல் என்று தள்ளிப்போன அந்த எட்டு ஆண்டுகள், எந்தப் பிரச்சாரமும் இல்லாமலே, பிறந்திருக்கக்கூடிய ஓரிரு குழந்தைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டன.

அப்படியென்றால் அந்த 18.2 லட்சம்? விடை தாய்மார்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் பிறந்தவர்கள் ஏராளம்; தடுப்பூசியும் மருத்துவமும் பரவியதால் அவர்களில் முன்பைவிட அதிகம் பேர் பிழைத்து வளர்ந்தார்கள். அந்தப் பெண் குழந்தைகள் 1984-க்குப் பிறகு தாய்மார்களானார்கள். ஒவ்வொருத்தியும் தன் தாய் பெற்றதில் பாதியைத்தான் பெற்றாள் என்று வைத்துக்கொண்டாலும், அப்படிப் பெறுபவர்களின் எண்ணிக்கை இரு மடங்காகியிருந்தால் தொட்டில்களின் எண்ணிக்கை குறையாது. இறப்புகளும் குறைந்துவிட்டதால் கூடுதல் அப்படியே நின்றது. விகிதம் இறங்கி ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கும். இதைத்தான் மக்கள்தொகையியலாளர்கள் உந்தம் என்கிறார்கள்.

முதல் இடைவெளியின் 7.5 லட்சத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1956-இல் எண்ணப்பட்டவர்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் ஐரோப்பியர்கள். 1961-இல் பிசெர்ட்டா துறைமுகத்தில் பிரான்சுடன் மோதல், 1964-இல் வெளிநாட்டவரின் விளைநிலங்கள் அரசுடைமை என்று நிகழ்வுகள் தொடர, அவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். உள்ளே பிறந்துகொண்டிருந்ததை வெளியே போனது மறைத்துவிட்டது.

2024-இன் எண்களில் என்னை நிறுத்தியவை மொத்தத் தொகையைவிட வேறு இரண்டு. ஒரு குடும்பத்தின் சராசரி அளவு 2014-இல் நான்கு பேருக்குச் சற்று மேல், இப்போது 3.45. அறுபது வயதைக் கடந்தவர்கள் 2014-இல் 11.7 சதவீதம், இப்போது 16.9. பத்தே ஆண்டுகளில் இது பெரிய தாவல். எழுத்தறியாதவர்கள் இன்னும் சுமார் 17 சதவீதம் என்பதும் இதனோடு ஒட்டியதே: அவர்களில் பலர் பள்ளி எட்டாத காலத்தில் வளர்ந்த முதியவர்கள், அதிலும் பெண்கள், அதிலும் ஜெந்தூபா, கைரவான், கஸ்ரீன் போன்ற உள்நாட்டு மாகாணங்களில் இருப்பவர்கள். துனிசும் சூசும் ஸ்ஃபாக்ஸும் உள்ள கிழக்குக் கடற்கரையின் எண்களோடு இவற்றைச் சேர்த்துச் சராசரி போட்டால், இரண்டு பக்கத்தாருமே தங்கள் ஊரை அதில் அடையாளம் காணமாட்டார்கள்.

கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2010-களின் தொடக்கத்தில் 2.4 வரை ஏறி, மீண்டும் இறங்கி, இப்போது இரண்டுக்கும் கீழே இருக்கிறது. அந்தத் தற்காலிக ஏற்றத்தைப் பற்றி அப்போது கவலையோடு பேசியவர்கள் உண்டு. நான் அதைத் தள்ளிப்போட்ட திருமணங்களின் பாக்கி வசூலாகவே பார்க்கிறேன். தாளின் ஓரத்தில் 18.2 என்று குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டலையும் போட்டு வைத்திருக்கிறேன்: 1984-க்கும் 1994-க்கும் இடையே பிறந்தவர்கள் 2044-இல் தொடங்கி அறுபதைத் தொடுவார்கள்.