கல்யாணத்துக்கு முன் போட்ட பிஎஃப் நாமினேஷன்

வேலையில் சேர்ந்த அன்று எச்.ஆர். நீட்டிய படிவத்தில், தனக்குப் பிறகு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தை வாங்கும் நாமினியாகத் தம்பி பேரை எழுதியவர்கள் நிறையப் பேர். கல்யாணத்துக்குப் பிறகு அது செல்லாது. 1952-ஆம் ஆண்டு பிஎஃப் திட்டத்தின் 61-ஆவது பத்தி அப்படித்தான் சொல்கிறது: குடும்பம் இல்லாதவர் யார் பேரையும் போடலாம், குடும்பம் அமைந்ததும் அது தானாக ரத்து. குடும்பம் இருக்கும்போது வெளியாள் பேரைப் போட்டாலும் செல்லாது.

இதில் 'குடும்பம்' என்றால் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர், இறந்த மகனின் மனைவி, பிள்ளைகள். பெண் ஊழியருக்கு, சார்ந்திருக்கும் மாமனார் மாமியாரும் சேர்த்தி. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை கிடையாது. பெண் ஊழியர் பிஎஃப் ஆணையருக்கு எழுதிக் கொடுத்தாலே கணவரைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிடலாம். ஆண் ஊழியருக்கு அவ்வளவு சுலபமில்லை. மனைவிக்கு ஜீவனாம்ச உரிமை போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டும்.

அதற்காக நாமினேஷனில் மனைவிக்குப் பங்கு நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். சார்ந்திருக்கும் அம்மா பேரில் மட்டும் 100 சதவீதம் எழுதினாலும் செல்லும். மனைவியின் சம்மதம் கேட்க மாட்டார்கள்.

நாமினேஷனே இல்லாவிட்டால்? குடும்பத்தாருக்குச் சமபங்கு. ஆனால் வேறு உறுப்பினர் யாராவது இருந்தால், 18 வயது முடிந்த மகனுக்கும், கணவர் உயிரோடிருக்கும் மகளுக்கும் பங்கில்லை. கல்லூரியில் படிக்கும் 20 வயது மகனுக்கு ஒன்றுமில்லை. அவனுடைய கல்யாணமாகாத அக்காவுக்கு உண்டு. எனக்கு இது விசித்திரமாகத்தான் படுகிறது. மகனுக்கும் போக வேண்டும் என்றால் அவன் பேரையும் சதவீதத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் தனிக்கதை. நாமினேஷனில் யார் பேர் இருந்தாலும் மாதாந்திர பென்ஷன் மனைவிக்கு அல்லது கணவருக்குத்தான், மறுமணம் அல்லது மரணம் வரை. கூடவே ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, அந்தப் பென்ஷன் தொகையில் தலா 25 சதவீதம்.

மாற்றுவது சுலபம். யுஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்கு எண்) கொண்டு நுழையும் பிஎஃப் போர்ட்டலில் 'மேனேஜ்', அதில் 'இ-நாமினேஷன்'. முதலில் உங்கள் புரொஃபைலில் போட்டோ இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளேயே விடாது. பிறகு குடும்பத்தார் ஒவ்வொருவரின் ஆதார் எண், பிறந்த தேதி, போட்டோ. பேர் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இனிஷியல் ஒன்று மாறினாலும் சிக்கல்தான். மைனர் பிள்ளை என்றால் கார்டியன் பேர் வேண்டும். பங்குகளைக் கூட்டினால் 100 வர வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். 'சேவ்' அழுத்தியதும் முடிந்தது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் (மின் கையெழுத்து) செய்தால்தான் அது நாமினேஷன். ஆதாரோடு இணைத்த மொபைல் கையில் இருக்கட்டும். கம்பெனி ஒப்புதல் தேவையில்லை.

நாமினி பணத்தை வாங்கலாம். சொந்தக்காரர் ஆகிவிட்டார் என்று அர்த்தமில்லை. வங்கி ஊழியர் ஒருவரின் பிஎஃப் வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார், ஆனாலும் பணம் இந்து வாரிசுச் சட்டப்படி பிரியும். அந்தச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகள், அம்மா முதல் வகுப்பு வாரிசுகள். அப்பா இரண்டாம் வகுப்புதான். அவருக்கும் ஒரு பங்கு போக வேண்டுமானால், உயில் ஒன்று எழுதி வைப்பது நல்லது.