மாத்திரையால உடம்பு கெட்டா கேஸ் நிக்குமா?

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தால பாதிப்பு வந்தா கேஸ் போடலாமான்னு கேக்குறவங்க எல்லாரும் முதல்ல காட்டுறது அந்த பாதிப்பைத்தான், ஆனா சைடு எஃபெக்ட் வந்துச்சுங்கிறது மட்டுமே கவனக்குறைவு ஆயிடாது, எல்லாம் சரியா பாத்து கொடுத்த மருந்துகூட சிலருக்கு ஒத்துக்காம போகும். கேள்வியே வேற. முன்னாடியே தெரிஞ்ச ஒரு ஆபத்தை, இல்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய ஒண்ணை, பாக்காம விட்டாங்களா?

பெனிசிலின் அலர்ஜின்னு ஃபைல்லயே எழுதியிருக்கு, ஆனா சீட்டுல அமாக்ஸிசிலின், அதுவும் பெனிசிலின் வகைதான். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு, அதோட வேகத்தை கூட்டுற மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக்கும் சேத்து கொடுத்துட்டு ரத்தம் உறையுற அளவை பாக்க ஐஎன்ஆர் டெஸ்ட் எழுதவே இல்ல, உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு. எனக்கு ரொம்ப கோவம் வர்றது மெத்தோட்ரெக்சேட் விஷயத்துலதான். மூட்டு வாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிடணும், தினமும்னு தப்பா எழுதிட்டாலோ, மருந்துக்கடைல கவர் மேல தப்பா குறிச்சிட்டாலோ வாய் முழுக்க புண்ணு வந்து, எலும்பு மஜ்ஜை வேலை செய்யாம போயி, வெள்ளை அணு இறங்கி, தொற்றுல உயிரே போயிடும். இந்த தப்பு மருத்துவ உலகத்துக்கு பல வருஷமா தெரியும், தெரிஞ்சும் திரும்ப திரும்ப நடக்குது, இதையும் சைடு எஃபெக்ட்னு சொல்லி அனுப்பினா எப்படி ஏத்துக்க முடியும்?

பொறுப்பு டாக்டரோட மட்டும் நிக்கணும்னு இல்ல. அமெரிக்காவுல டயானா லெவின்னு ஒரு இசைக்கலைஞர், 2000-ல ஒற்றைத் தலைவலிக்கு போனப்போ குமட்டலுக்கு ப்ரோமெத்தசின் ஊசியை நேரா சிரைல (ரத்தக் குழாய்ல) போட்டாங்க, மருந்து தவறி தமனிக்குள்ள போயி கை அழுகி, கையை எடுக்க வேண்டியதாயிடுச்சு. கிளினிக்கோட சமரசம் ஆன பிறகும் லேபிள்ல எச்சரிக்கை போதாதுன்னு மருந்தை தயாரிச்ச வைத் கம்பெனி மேல வழக்கு போட்டாங்க, 2009-ல உச்சநீதிமன்றம் வரைக்கும் போயி ஜெயிச்சாங்க.

கேஸ்ல ரொம்ப கஷ்டமான இடம், அந்த மருந்தாலதான் ஆச்சுன்னு நிரூபிக்கிறது. எதிர்தரப்பு உங்க நோய்தான் காரணம்னு சொல்லும். அதனால மருந்து எந்த தேதில ஆரம்பிச்சீங்க, எப்போ தொந்தரவு வந்துச்சு, நிறுத்தினதும் குறைஞ்சுச்சாங்கிற வரிசை ரொம்ப முக்கியம். மருந்துச் சீட்டு, மிச்சம் இருக்கிற அட்டை (பேட்ச் நம்பர் அதுல இருக்கும்), பில், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரி பத்தாது, நர்ஸ் எழுதின மருந்து சார்ட்டோட முழு ஃபைல் காப்பியும் கேளுங்க. அதே துறை டாக்டர் ஒருத்தர் அதை படிச்சு கருத்து சொல்லாம பெரும்பாலும் கேஸ் நகராது. காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும், அதனால குணமாகட்டும்னு காத்திருக்காம வக்கீலை சீக்கிரமே பாத்துடுங்க.

சந்தேகம் வந்துச்சுன்னு மருந்தை நீங்களா சட்டுன்னு நிறுத்திடாதீங்க, ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எல்லாம் திடீர்னு நிறுத்தினா அதுவே ஆபத்து, உடனே இன்னொரு டாக்டரை பாருங்க. கேஸ் போடுறீங்களோ இல்லையோ, மருந்து கண்காணிப்பு அமைப்புக்கு ஒரு புகார் அனுப்பிடுங்க, பல நாடுகள்ல நோயாளியே நேரடியா அனுப்பலாம். கர்ப்பிணிகளுக்கு கொடுத்த தாலிடோமைடு 1961-ல ஜெர்மனில வாபஸ் ஆனதே, பிறந்த குழந்தைகளோட கை கால் குறையை கவனிச்ச டாக்டர்கள் அதை வெளிய சொன்னதாலதான்.