அந்த வளையமா, இல்ல ஒண்ணுமே இல்லாமலா

ஒரு புள்ளையோட சைல்ட் சீட்ட மாட்டியிருந்த இரும்பு வளையம், அந்த வளையத்தப் பத்தி நான் வாயத் தொறந்திருக்கணுமா வேண்டாமான்னு இன்னும் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

நான் சிட்னில ஒரு வண்டி ரிப்பேர் கடையில மெக்கானிக். வந்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி, இங்க வெண்ட்வொர்த்வில் பக்கம் வீடு. வண்டி 2001 ட்ரூப்பி, 78 சீரிஸ் லேண்ட்க்ரூஸர். பின்னாடி அதுக்கு கம்பெனி சீட்டு ரெண்டு பக்கமும் பெஞ்சு மாதிரி, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து உக்காரறது, அதுல சைல்ட் சீட் போடவே கூடாது. இவருக்கு முன்னாடி வச்சிருந்தவர் அதக் கழட்டிட்டு முன்பக்கம் பாத்த மாதிரி ரெண்டாவது வரிசை சீட்டு போட்டு, மூணு பாயிண்ட் பெல்ட்டோட இன்ஜினியர் சர்டிஃபிகேட்டும் வாங்கி வச்சிருந்தார். சுத்தமான வேலை, குறையே சொல்ல முடியாது. ஆனா அந்த சர்டிஃபிகேட்ல சைல்ட் சீட் ஆங்கர் பத்தி, அதாவது சைல்ட் சீட்டோட மேல் ஸ்ட்ராப்ப மாட்டற பிடிப்பு பத்தி, ஒரு வரி கூட இல்ல, அவருக்கு சின்னப் பிள்ளைங்க இல்ல போல. தம்பிக்கு மூணு வயசுப் பையன். சைல்ட் சீட்ட பெல்ட் போட்டு நல்லா இறுக்கி வச்சிருந்தார், சீட்டோட மேல்பக்கத்துலருந்து பின்னால போற மேல் ஸ்ட்ராப்ப மட்டும் பின்னாடி தரையில சாமான் கட்டற ஒரு இரும்பு வளையத்துல கொக்கி மாட்டி வச்சிருந்தார். "முந்தி வச்சிருந்த ஆள் பூட்டினது அண்ணை, நல்ல இறுக்கமாத்தான் கிடக்கு"ன்னார்.

நான் குனிஞ்சு பாத்தேன். ஒரு சின்ன தகடு, அதுல ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டும் தரைத் தகட்டுல நேரா ஏத்துனது, அடியில பிளேட்டும் கிடையாது நட்டும் கிடையாது. ஒரு ஸ்க்ரூவச் சுத்தி ஓட்டை நீள்வட்டமா தேஞ்சு துரு பிடிச்சிருந்துது. விரலால ஆட்டினேன், தரையும் சேந்து மேல கீழ ஆடுச்சு. தம்பி, இது பெட்ரோல் கேன் உருளாம இருக்க மாட்டினது, புள்ளைக்கு இல்ல, இத நம்பாதீங்கன்னு சொன்னேன்.

அவர் உடனே கொக்கியக் கழட்டிட்டார். ஸ்ட்ராப்ப சுருட்டி சீட்டுக்குப் பின்னாடி சொருகிட்டு, "சரி அண்ணை, ஒரு ஓட்டை போட்டு ஒரு போல்ட் பூட்டி விடுங்கோ, எவ்வளவு நேரம் எடுக்கும்?"னு கேட்டார். முடியாது, இன்ஜினியர் இடம் பாத்து ஒத்துக்கிட்டாதான் போட முடியும், அவர் இந்த வாரம் வரமாட்டார்னேன். அப்பதான் அவர் கேட்டார்: "அப்ப இண்டைக்கு பிள்ளை ஒண்டும் இல்லாமலோ வீட்டை போறது?"

இத நான் எத்தன தடவ திருப்பிப் போட்டுப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

சட்டம் என் பக்கம்தான். நியூ சவுத் வேல்ஸ்ல 2010 மார்ச்லருந்து ஆறு மாசத்துலருந்து நாலு வயசு வரைக்கும் ஹார்னஸ், அதாவது தன்னோட சொந்த தோள் பெல்ட், வச்ச சீட்டுதான், அத சரியா மாட்டணும், மேல் ஸ்ட்ராப் இல்லாம மாட்டினா அது மாட்டினதாவே ஆகாது. செடான் காருக்கு இந்த ஆங்கர் வைக்கணும்னு இங்க 1976-லயே விதி வந்தாச்சு. ஊர்லருந்து வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஐசோஃபிக்ஸ் (பெல்ட்டுக்குப் பதிலா சீட்ட வண்டியோட கொக்கில நேரா மாட்டறது) இருக்கே மேல கயிறு எதுக்குன்னு கேப்பாங்க, ஐசோஃபிக்ஸ் இருந்தாலும் இங்க மேல் ஸ்ட்ராப் கட்டாயம். வண்டி மோதும்போது சீட்டோட அடிப்பாகத்த பெல்ட் பிடிச்சுக்கும், ஆனா மேல்பாகம் முன்னால சாயும், புள்ள தலை போய் முன் சீட்டுல இடிக்காம பிடிச்சு நிறுத்தறது அந்த ஒத்த ஸ்ட்ராப்தான். புள்ள 15 கிலோ, சீட்டு 8 கிலோன்னு வைங்க, மோதற நேரத்துல 20 ஜி, அதாவது எடையப் போல இருபது மடங்கு இழுப்பு, வந்தா அந்த 23 கிலோ 460 கிலோவா இழுக்கும். பெல்ட் பெரும்பங்கு வாங்கிக்கிட்டாலும் மிச்சம் வர்றத அந்த ரெண்டு ஸ்க்ரூ தாங்கியிருக்காது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா தாங்காதுங்கறது வேற, ஒண்ணுமே இல்லாம இருக்கறது வேற இல்லையா. சின்ன இடின்னா, அம்பதுல போய் பிரேக் அடிச்சு முன்னாடி நிக்கிற வண்டில லேசா தட்டற மாதிரின்னா அந்த வளையம் பிடிச்சிருக்கலாம். முழுசா பிடிக்கலன்னாலும் பிச்சிக்கிட்டு வர்றதுக்குள்ள கொஞ்சமாவது வேகத்தக் கொறைச்சிருக்கலாம். நான் பேசினதுல அந்தக் கொஞ்சமும் போச்சு. இன்னொரு பக்கம், நான் சொல்லாம விட்டிருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சு அதே வளையத்தோட அடுத்த லீவுக்கு டப்போ வரைக்கும் நூறுக்கு மேல போயிருப்பார். தெரிஞ்சா மெதுவா போவார்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். மெதுவா போனாரான்னு எனக்குத் தெரியாது.

சரி, நான் ஏன் ஓட்டை போடல? ட்ரூப்பிக்கு அடியில ரெண்டு டேங்க், 90 லிட்டர் 90 லிட்டர். தம்பி கை காட்டின இடம் நேரா ஒரு டேங்குக்கு மேல வருது. மேலருந்து ட்ரில் இறக்கற இடம் இல்ல அது. இது நல்ல காரணம், உண்மையான காரணமும் கூட. ஆனா நான் முடியாதுன்னு சொன்ன அந்த நேரத்துல டேங்க நெனச்சா சொன்னேன்? மொதல்ல மனசுல வந்தது கடை லைசென்ஸ், அது ஓனர் பேர்ல இருக்கு, அவர் அன்னைக்கு கடையில இல்ல, சர்டிஃபிகேட் இல்லாத ஆங்கர நான் போட்டுக் குடுத்து நாளைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது. அதுவும் தப்பில்ல, அந்த லைசென்ஸ்ல நாலு குடும்பம் சாப்பிடுது. டேங்க் ஞாபகம் அதுக்கப்புறம்தான் வந்துது. முடிவு சரியா இருந்தா எது முன்னாடி வந்துதுங்கறது முக்கியமான்னு கேட்டா, எனக்கு முக்கியமாத்தான் படுது.

கொஞ்ச நேரம் இருங்க, அஞ்சு மணிக்கு கடைய சாத்திட்டு என் கார்லயே சீட்ட மாட்டி கொண்டு விடறேன்னும் சொல்லிப் பாத்தேன். வண்டியத் தூக்கற ஹாய்ஸ்ட்ல ஒரு வண்டி கியர்பாக்ஸ் இறக்கின நிலையில நின்னுச்சு, விட்டுட்டுப் போக முடியல. "இல்லை அண்ணை, பிள்ளை நித்திரை கொள்ளுது, மனிசியும் வேலையால வர ஏழு மணியாகும், நான் உள்ரோட்டாலயே மெல்லமா போறன்"னு தம்பி கிளம்பிட்டார். வண்டி திரும்பும்போது பையன் தலை ஒரு பக்கமா சாஞ்சிருந்துது. ரெண்டு தெரு தள்ளி நிறுத்தி அந்த கொக்கிய மறுபடி மாட்டினாரா இல்லையா, நான் கேக்கல. மாட்டியிருக்கணும்னு நெனக்கிறேனா, மாட்டாம இருந்திருக்கணும்னு நெனக்கிறேனா, அதுவே எனக்கு நாளுக்கு ஒரு மாதிரி இருக்கு.

அடுத்த வாரம் இன்ஜினியர் வந்தார். வேற இடம் குறிச்சுக் குடுத்தார், டேங்க விட்டுத் தள்ளி, அடியில குறுக்கு மெம்பர், அதாவது குறுக்கால போற இரும்புச் சட்டம், இருக்கற இடத்துல, ஸ்ட்ராப் நேரா பின்னால போற மாதிரி. 3 மில்லி பிளேட் வெட்டி ஓரமெல்லாம் மழுங்க அரச்சு, ஓட்டை ஓரத்துல ப்ரைமர் அடிச்சுப் போட்டோம். ஆங்கர் கிட்ல வர்ற போல்ட் 5/16 யுஎன்சி, அது இன்ச் அளவு. எங்க டிராயர்ல கெடக்கறதெல்லாம் எம்8, அது மில்லி அளவு. கையில எடுத்துப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணு 7.94 மில்லி இன்னொண்ணு 8 மில்லி, ஆனா மரை வேற. கூட இருந்த பையன் எம்8 நட்ட எடுத்துக் குடுத்தான், ரெண்டு சுத்து சுகமா போய் டக்குனு இறுகிடுச்சு. ஸ்பேனர் பிடிச்ச கைக்கு நல்லா இறுகின மாதிரியேதான் இருக்கும், உள்ள மரை ரெண்டு இழைலதான் தொங்கும். கழட்டி சரியான நட்டு போட்டோம். அன்னைக்கு சாயங்காலம் தம்பி அவசரப்படுத்தின வேகத்துல தனியா நான் இத செஞ்சிருந்தா அது என் கண்ணுல பட்டிருக்குமான்னு நெனச்சேன். பட்டிருக்கும். எனக்கு அந்த நட்டு தெரியும், பல வருஷமா தெரியும். அதனால இதக் காட்டி நான் முடியாதுன்னு சொன்னது சரின்னு சொல்லவும் மனசு வரல.

இன்ஜினியர் அளவெல்லாம் எழுதிக்கிட்டிருக்கும்போது கேட்டேன், அந்த வளையம் ஒரு பக்கம், ஒண்ணுமே இல்லாதது ஒரு பக்கம், நீங்களா இருந்தா எது சொல்லியிருப்பீங்கன்னு. ரெண்டுக்கும் நான் கையெழுத்து போட மாட்டேன்னார். அது அவர் வேலைக்கு சரியான பதில். நான் கேட்டது கையெழுத்துக்கு இல்ல.

எங்க கடையில சீனியர் ஒருத்தர், முப்பது வருஷமா இதே வேலை, அவர் சொல்றார் நீ வளையத்தப் பத்தி சொன்னது சரி, ஆனா கழட்ட விட்டிருக்கக் கூடாது, வீடு வரைக்கும் இதுலயே போங்க, வீட்டுக்குப் போனப்புறம் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கணும்னு. நானும் அப்படி சொல்லிப் பாத்தேன், மனசுக்குள்ளதான். நம்பாதீங்கன்னு சொன்ன அதே வாயால இன்னைக்கு மட்டும் நம்புங்கன்னு ஒரு அப்பாகிட்ட எப்படி சொல்றது, சொல்லி வழியில ஏதாவது ஆச்சுன்னா? அவர் சிரிக்கல, யோசிச்சார், அப்புறம் நானும் சொல்லியிருக்க மாட்டேன் போலன்னார்.

இப்ப பழைய ஃபோர் வீல் டிரைவுக்கு ஆங்கர் போடணும்னு யாராவது போன் பண்ணா, புள்ளைய கூட்டிட்டு வராதீங்க, வண்டிய மட்டும் கொண்டு வாங்கன்னு முதல்லயே சொல்லிடறேன். அதுல தம்பி கேட்டதுக்கு பதில் இல்ல, அந்தக் கேள்வி கடை வாசல்ல வராம பாத்துக்கிறேன், அவ்வளவுதான். சொல்லாம கொள்ளாம பின் சீட்டுல புள்ளையோட வந்து நிக்கிறவங்க இன்னும் வரத்தான் செய்றாங்க.