'ஏ' சர்டிபிகேட்: பரீட்சை சுலபம், பட்டியலில் பெயர் ஏறுவதுதான் பெரும்பாடு

மகளின் என்சிசி (தேசிய மாணவர் படை) 'ஏ' சர்டிபிகேட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வருடப் பயிற்சி முடித்துப் பரீட்சை எழுதி வாங்குவது அது. பி கிரேடு. அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. பரீட்சை நெருங்கும்வரை தகுதிப் பட்டியலில் அவள் பெயரே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காததால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது, ஒன்பதாவதில் பிள்ளைகளை ஜூனியர் டிவிஷனிலோ (பையன்கள்) ஜூனியர் விங்கிலோ (பெண் பிள்ளைகள்) சேர்த்திருப்பவர்களுக்கு உதவும்.

விதி என்னவோ சின்னதுதான். இரண்டு வருடப் பயிற்சி வகுப்புகளில் 75 சதவீத வருகை வேண்டும், ஒரு வருடாந்திர முகாமுக்குப் போயிருக்க வேண்டும். இவளுக்கு இரண்டுமே இருந்தன. இருந்தன என்று காட்டத்தான் காகிதம் இல்லை.

பள்ளியில் என்சிசியைப் பல வருடம் பார்த்துக்கொண்ட ஏ.என்.ஓ. (என்சிசிக்குப் பொறுப்பான ஆசிரியர்) சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த டீச்சர் 'கேர்டேக்கர்'தான். ஆண் ஆசிரியர்கள் நாக்பூர் பக்கம் காம்ப்டிக்கும், பெண் ஆசிரியர்கள் குவாலியருக்கும் போய்ப் பயிற்சி முடித்து வந்தால்தான் முழு ஏ.என்.ஓ. ஆக முடியும். அதுவரை எல்லாமே அரைகுறைப் பொறுப்பு. டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் கொடுத்ததே ஒரு பீரோ சாவியும் கொஞ்சம் கிழிந்த ஃபைல்களும்தான். முதல் வருட வருகைப் பதிவேடு அந்த பீரோவில் இல்லை.

அடுத்தது முகாம். பத்து நாள் போய், கொசுக்கடி வாங்கி, கறுத்துத் திரும்பி வந்தவள். ஆனால் பள்ளிகளின் என்சிசியை நிர்வகிக்கும் பட்டாலியன் அலுவலகத்தின் கணக்குப்படி அவள் முகாமுக்கே போகவில்லை! சேர்க்கைப் படிவத்தில் பெயருக்கு முன்னால் இன்ஷியல், முகாம் பட்டியலில் ஆதாரில் உள்ளபடி அப்பா பெயர் முழுசாக, உடைப் படிக்காகத் திறந்த வங்கிக் கணக்கில் இன்ஷியல் பின்னால். போதாக்குறைக்கு முகாம் சான்றிதழில் ரெஜிமெண்டல் நம்பரில் (என்சிசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் பதிவு எண்) ஒரு இலக்கம் வேறு தப்பு.

"கேம்ப் போன பொண்ணு வேற, உங்க பொண்ணு வேறம்மா" என்றார் அங்கிருந்த கிளார்க். முகாமில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். "போட்டோவெல்லாம் செல்லாது. எதுவா இருந்தாலும் ஸ்கூல் வழியா வரணும்." தலைமையாசிரியர் கடிதத்தோடு மறுபடி போனால், கடிதத்தில் என்சிசி சீல் இல்லையாம். அந்த சீல் பழைய சாரிடமே இருக்கிறதா, தொலைந்துவிட்டதா என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிற எரிச்சலை எழுதிக் காட்ட முடியாது.

கடைசியில் வழி காட்டியவர் பி.ஐ. ஸ்டாஃப், அதாவது பயிற்சி கொடுக்க ராணுவத்திலிருந்து வரும் ஹவில்தார் ஒருவர். வடநாட்டுக்காரர், தமிழ் கொஞ்சம் வரும். பரேடு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா, அந்தத் தாள்களைத் தேடச் சொன்னார். பணக் கணக்கு என்பதால் அதை மட்டும் யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அப்படியே ஆயிற்று. பள்ளி அலுவலக அறையில், மின்கட்டண ரசீதுகளோடு ஒரே கட்டாகக் கிடந்தன. ஒவ்வொரு சமோசாவுக்கும் எதிரே என் மகளின் கோணல் கையெழுத்து! வருகை 75-ஐத் தாராளமாகத் தாண்டியது. இவளோடு சேர்ந்து இன்னும் சில பிள்ளைகளின் வருகையும் அதிலேயே நிரூபணமானது. முகாமின் மூலப் பட்டியலையும் அந்த ஹவில்தாரே எடுத்து, பிறந்த தேதியை ஒப்பிட்டு, கிளார்க் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். நல்லா இருக்கணும் மனுஷன்.

ஆகவே பெற்றோர்களே, சேர்க்கும் நாளிலேயே ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு இன்ஷியல் சாதாரண விஷயம், கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள். முகாம் சான்றிதழை வாங்கியதும் ரெஜிமெண்டல் நம்பரை அங்கேயே, பிள்ளையை விட்டே சரிபார்க்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டைப் பருவத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்துத் தரும்படி டீச்சரிடம் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பரீட்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு தாளிலும் 33 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். 80-க்கு மேல் ஏ, 65-க்கு மேல் பி, அதற்குக் கீழே 50 வரை சி. எழுத்துத் தேர்வில் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுவது வரைபடம் படிப்பதில். ஓர் இடத்தின் கட்டக் குறியீடு (கிரிட் ரெஃபரன்ஸ்) கேட்டால் கிழக்கு நோக்கிக் கூடும் எண்ணான ஈஸ்டிங் முதலில், வடக்கு நோக்கிக் கூடும் நார்த்திங் அப்புறம். இதை மாற்றி எழுதினால் விடை முழுக்கப் போச்சு. பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கழற்றிப் பூட்டுவதை முகாமிலேயே நன்றாகப் பழகிவிட்டாள். அதன் பயன்தரு தூரம் 25 கஜம் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஏ கிரேடு நழுவியது டிரில்லில்தான் என்பது என் ஊகம். உடை, பூட்ஸ் பளபளப்பு, பெரே தொப்பியில் சிவப்பு ஹேக்கிள் (இறகுக் குஞ்சம்) எல்லாம் ஒழுங்கு. திரும்புவதும் சல்யூட்டும் சுத்தம். ஆணை கொடுக்கும்போது குரல் எழும்பவில்லை. என்சிசியில் இந்தி ஆணைகள் கூடாது என்று 1968-லேயே அண்ணா ஆட்சியில் சட்டமன்றத் தீர்மானம் போட்டார்கள். இன்றும் மைதானத்தில் 'சாவ்தான்' (அட்டென்ஷன்), 'தேஜ் சல்' (குவிக் மார்ச்)தான். தெரியாத மொழியில் கத்துவதற்குப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காதா? மொட்டைமாடியில் பழகச் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா, "யாரைடி இந்த அதட்டு அதட்டுற?" என்று கேட்டதோடு அதுவும் நின்றுபோயிற்று. உங்கள் பிள்ளைகளை வெட்டவெளியில், இரண்டு பேரை நிற்க வைத்து, தினமும் கத்தவிடுங்கள். படித்து வாங்குகிற மார்க்கைவிட இது சுலபமாக வரும்.

முடிவு வருவதற்குள் இவள் பத்தாவது அரையாண்டுத் தேர்வே எழுதிவிட்டாள். பொறுமை வேண்டும். சர்டிபிகேட் வாங்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். நான் படித்தேன், அதே கிளார்க் முன்னால், எழுத்து எழுத்தாக. அவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். இந்த முறை தப்பே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் போட்டு வைத்தாயிற்று. லேமினேட் மட்டும் செய்யவில்லை. நாளைக்கு எவராவது பின்பக்கம் சீல் போட வேண்டும் என்பார்கள்.