கல்தூசியும் இருமலும்

பர்கூர் சாலை டீக்கடை. கிரானைட் பட்டறையில் இரவு வேலை முடித்து வந்த ஒரு தம்பி, டம்ளரை வாங்கிய கையோடு அந்தப் பக்கம் திரும்பி இருமினான். நெற்றியில் வியர்வை ஓடிய தடம் மட்டும் கறுப்பு. புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளைப் பொடி.

"எத்தனை நாளாக இப்படி?"

"பனி அண்ணா. மார்கழி போனால் சரியாகிவிடும்."

பனிமேல் பழியைப் போட்டே எத்தனை பேர் நாளைக் கடத்துகிறார்கள்!

குளிரில் தரையோரக் காற்று மேலெழாது. புகையும் தூசியும் நம் மூக்கு மட்டத்திலேயே தேங்கும். ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஒருவர் இருமினால் கிருமி அறைக்குள்ளேயே சுற்றுகிறது.

கல்தூசி இன்னும் கொடியது. அதிலுள்ள சிலிக்கா, நுரையீரலில் காசநோய்க் கிருமியை விழுங்கி அடக்கும் செல்களையே கொன்றுவிடுகிறது. சிலிக்கோசிஸ், அதாவது இந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய், வந்தவரைக் காசநோய் எளிதில் பிடிப்பது இதனால்தான். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். அதைக்கூடச் செய்யாத முதலாளிகள்மேல் எனக்கு ஆறாத கோபம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் உறுதியானால் மாத்திரையும் இலவசம். வழக்கமாக 6 மாதம். சொன்னேன்.

"ஒரு நாள் கூலி போய்விடுமே அண்ணா."

திங்கட்கிழமை அவனோடு நானும் போகிறேன்.